பின்னால் ஆள் ஏற்றாத ஐந்நூறு மைல்

ஒரு எஞ்சினைப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கழற்றியதெல்லாம் திரும்ப உள்ளே போகுமா, போகும்போது ஏதாவது ஒன்று மிஞ்சுமா, மிஞ்சாமல் போனாலும் ஒன்று தலைகீழாகப் போயிருக்குமா என்று மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்பானர் பிடிக்க வந்தவன் நான். கம்பளை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கராஜ் என்னுடையது. மூடிய எஞ்சினை மறுபடி திறந்து பார்க்கிற மெக்கானிக் என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். அது உண்மைதான்.

அந்த வருஷங்களில் பயப்படுவதற்கு எஞ்சின் மட்டுமா இருந்தது? வடக்கில் ஆமிக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் சண்டை. இங்கே மலைநாட்டில் எங்களுக்கு அதன் எதிரொலி. எங்கேயாவது ஒரு குண்டு வெடித்தால் மறுநாள் பஸ்ஸில் எங்கள் பெயரைக் கேட்ட பிறகு ஆட்கள் பார்க்கிற பார்வை மாறும். காலையில் திறந்த கடை பதினொரு மணிக்கு மூடும். ஊரடங்கு என்று ரேடியோவில் சொல்வதற்கு முன்னாலேயே நான் கராஜைப் பூட்டியிருப்பேன்.

அப்படி ஒரு காலத்தில்தான் மிஸ்ஸி என் கராஜுக்கு வந்தார். தேயிலைத் தோட்டங்களில் நர்ஸ்மாரையும் மருத்துவச்சிகளையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் புசல்லாவைப் பக்கத்து ஒரு தோட்டத்தில் மருத்துவச்சி. வெள்ளைச் சாரி, அதற்குக் கீழே அண்ணனுடைய பழைய கால்சட்டை, தலையில் ஒரு அளவு பெரிய ஹெல்மட். மோட்டார் சைக்கிளும் அண்ணனுடையதுதான். அவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது தங்கையிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். நூறு சிசி வண்டி, நாலைந்து கை மாறி வந்தது. வாசலில் நிற்கும்போதே அதன் வயிற்றுக்குள் ஒரு கிலுகிலுப்பைச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அண்ணே, இதுல பெரிய பிஸ்டன் போடலாமாமே" என்றார். "லொறி டிரைவர் சொன்னாரு."

ஏன் என்று கேட்டேன். அவர் உட்காராமல், ஹெல்மட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய தோட்டத்தின் கீழ்ப் பிரிவு பள்ளத்தில் இருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டுமானால் வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறுகிற ஒரு கல் பாதை. தோட்டத்து லொறி இருந்தால் லொறி, இல்லாவிட்டால் இவருடைய பின்சீட்டு. போன மழைக்காலத்தில் வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வண்டிக்கு இரண்டு பேரை இழுக்கிற சக்தி இல்லை. கடைசி வளைவுகளில் அந்தப் பெண் இறங்கி, தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து மழையில் ஏறியிருக்கிறாள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

"இனி ஒருத்திய நான் அந்த எடத்துல எறக்கி விடமாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு நான் முடியாது என்று எப்படிச் சொல்வது?

எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். சிலிண்டர் உள்ளே விரல் வைத்தால் மேல் விளிம்பில் ஒரு படி தட்டுப்பட்டது. பிஸ்டன் ஓடி ஓடி அந்த அளவுக்குத் தேய்த்திருந்தது. பிஸ்டனையும் அடியில் சுழல்கிற கிராங்கையும் இணைக்கிற கொன்ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். டொக், டொக் என்றது. அது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழும் ஒரு மயிரிழைகூட ஆடக் கூடாது. கிராங்கைத் தாங்குகிற இரண்டு பெயாரிங்கும் கையால் சுற்றும்போதே மணல் போல் கரகரத்தன. டைமிங் செயின் தொங்கியது. கிளச் பிளேட்டுகள் வழவழவென்று தேய்ந்த பழைய ஐம்பது சதக் குற்றிக் காசு மாதிரி இருந்தன.

அடுத்த கிழமை வந்த மிஸ்ஸியிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். மேலே பெரிய பிஸ்டனைப் போட்டால் ஒவ்வொரு அடியும் பலமாக விழும், கீழே இருக்கிறது இந்த நிலையில் அதைத் தாங்காது, ஏற்றத்தில் பாதியில் கொன்ரொட் முறிந்து எஞ்சின் கூட்டையே உடைத்துக்கொண்டு வெளியே வரும், அந்த நேரம் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் என்ன ஆகும், சக்கரம் இறுகிப் பிடித்தால் என்ன ஆகும், பள்ளம் எந்தப் பக்கம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். வழக்கமாக என் வாடிக்கைக்காரர்கள் இந்தப் பாட்டுக்குக் கொட்டாவி விடுவார்கள். மிஸ்ஸி ஒவ்வொரு சாமானையும் கையில் வாங்கி, நான் அசைத்த மாதிரியே அசைத்துப் பார்த்தார்.

"அப்ப இடுப்பெலும்பு சரியில்லன்னு சொல்றீங்க" என்றார்.

அத்தனை வருஷம் நான் வாடிக்கைக்காரர்களுக்கு மூச்சு வாங்க விளக்கிய விஷயத்தை அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். இன்றைக்கும் யாராவது பெரிய பிஸ்டன் கேட்டு வந்தால் நான் முதலில் சொல்வது அந்த வார்த்தையைத்தான்.

வேலை கண்டியில் ஆக வேண்டியிருந்தது. அங்கே ஒரு சந்துக்குள் லேத் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் அந்தப் பகுதியில் எனக்கு நம்பிக்கையானவர். சிலிண்டரின் உள்குழாயான பழைய ஸ்லீவைக் கடைந்து எடுத்துப் பெரியதை இறக்க வேண்டும், அது உட்கார எஞ்சின் கூட்டின் வாயையும் கடைந்து அகலமாக்க வேண்டும், கிராங்கை அழுத்திப் பிரித்துப் புதுக் கொன்ரொட் ஏற்ற வேண்டும். அதற்கு இதையெல்லாம் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கண்டிக்குப் போக வேண்டும். அங்கேதான் எனக்கு வேர்த்தது. சுற்றிச் சுற்றி இரும்பு உருளைகள், எண்ணெய் நாற்றம், பத்திரிகைத் தாளில் பொதிந்தவை. பையோடு போகிறவன் தமிழன். வழியில் பேராதனைப் பாலத்துக்குக் கிட்ட சோதனைச் சாவடி. நான் இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் மிஸ்ஸி லீவு போட்டுவிட்டு நேரே கராஜுக்கு வந்து நின்றார்.

"வாங்க போவோம். கூட்ட நீங்க தூக்குங்க, மத்தத நான் தூக்குறேன்."

சிலிண்டரையும் கிராங்கையும் தன்னுடைய மருத்துவச்சிப் பையில், சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நிற்கும்போது என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆமிக்காரப் பையன் ஒருவன் எல்லோரையும் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான். வேர்க்கிறவனைப் பார்த்தால் யார்தான் சந்தேகப்பட மாட்டான்? பையைத் திறக்கச் சொன்னான். எஞ்சின் கூட்டைப் பார்த்தான். அதில் நம்பர் பொறித்திருப்பதைப் பார்த்தான். களவுச் சாமானா என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அந்த நேரம் ஒரு எழுத்தும் வரவில்லை.

மிஸ்ஸி முன்னால் வந்து வண்டியின் பதிவுப் புத்தகத்தை நீட்டினார். பிறகு தன் பையையும் தானே திறந்து, துணியை விரித்து சிலிண்டரை அவன் கையில் கொடுத்துவிட்டார். தான் தோட்டத்து மருத்துவச்சி, இது தாய்மாரை ஏற்றுகிற வண்டியின் சிலிண்டர், ஏற்றத்தில் இழுக்கவில்லை, பெரிதாக்கப் போகிறோம், இந்த மனிதர் மெக்கானிக், இவர் வேர்ப்பது வழக்கம், கல்யாண வீட்டிலும் இப்படித்தான் வேர்ப்பார் என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். என் கல்யாணத்தை அவர் எங்கே பார்த்தார்!

பையன் சிலிண்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே விரலை விட்டான். அந்தப் படி அவன் விரலிலும் தட்டுப்பட்டிருக்க வேண்டும். முகம் மாறியது. நல்லாத் தேய்ந்திருக்கிறதே என்றான். தன் வீட்டிலும் ஒரு வண்டி நிற்கிறது, புகை தள்ளுகிறது, எத்தனை சிசிக்குப் பெரிதாக்குகிறீர்கள் என்று என்னைக் கேட்டான். அதற்கு மட்டும் எனக்கு வாய் வந்தது. நூற்று இருபத்தைந்து பக்கம் வரும் என்றேன். தலையை ஆட்டி, துணியிலேயே திரும்பச் சுற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் ஏறிய பிறகும் நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மிஸ்ஸி பக்கத்தில் இருந்த அம்மாளின் கைப்பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

லேத் நானாவுக்கு வாய் நீளம். கிராங்கை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, "இத ஓட்டிக்கிட்டா இவ்வளவு நாளும் இருந்தீங்க? துணிச்சல்தான் ஒங்களுக்கு" என்று மிஸ்ஸியைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "இவர் இனி கெழமைக்கு ரெண்டு தரம் வந்து என்ட உசிர வாங்குவார், பாருங்க" என்றார். அவர் சொன்ன மாதிரியே நான் போனேன். ஸ்லீவைச் சூடேற்றிய கூட்டில் இறக்கும்போது பக்கத்தில் நின்றேன். கிராங்கின் இரண்டு பக்கமும் நேர் நிற்கிறதா என்று அளவுக் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானா வெற்றிலையை ஒதுக்கி ஒதுக்கி என்னைத் திட்டிக்கொண்டே, முள் அசையாமல் நிற்கும் வரை தாமிரச் சுத்தியலால் தட்டினார். அவர் திட்டுவதை நிறுத்தினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

எல்லாச் சாமானும் கம்பளைக்கு வந்து சேர்ந்த பிறகு நான் மூடத் தொடங்கினேன். புதுப் பெயாரிங், புது டைமிங் செயின், புதுக் கிளச் பிளேட், பலமான ஸ்பிரிங். பிஸ்டன் வளையங்களை ஒவ்வொன்றாகத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை அளந்தேன். பிஸ்டன் ஊசியைப் பூட்டுகிற சின்னக் கம்பி வளையம் கூட்டுக்குள் விழுந்துவிடக் கூடாது என்று பழைய சாரத் துணியைத் திணித்துவிட்டுத்தான் போட்டேன். மிஸ்ஸி கிளினிக் முடிந்து வருகிற நாட்களில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலிண்டரை ஏற்றி, அதன் மேல் மூடியான மண்டையையும் வைத்து நட்டுகளை இறுக்கி முடித்தேன். கையைத் துடைத்தேன். துடைக்கும்போதே அந்தக் கம்பி வளையம் குழிக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு சந்தேகம் வந்தது. மறுபடி ஸ்பானரை எடுத்தேன்.

"என்னண்ணே செய்றீங்க?"

ஒரு தரம் திறந்து பார்த்துவிடுகிறேன் என்றேன்.

"பொறந்த புள்ளைய நான் திரும்ப உள்ள வச்சா பாக்குறேன்?"

பக்கத்துச் சலூன்காரர் கேட்டுவிட்டு, கையில் சவரக்கத்தியோடு வெளியே வந்து சிரித்தார். நான் திறந்துதான் பார்த்தேன். வளையம் சரியாக இருந்தது. மிஸ்ஸி பொறுமையாக இருந்து, திறந்ததில் வீணான கஸ்கெட்டுக்குப் பதில் ஒன்றை என் காசிலேயே வாங்கிப் போடச் சொன்னார். வாங்கிப் போட்டேன்.

முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் வேறு. முன்பு தகரத்தில் ஆணி உருட்டுகிற மாதிரி இருந்தது, இப்போது அடித்தொண்டையில் பேசுகிற ஆள் மாதிரி. மிஸ்ஸி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வயிற்றில் கை வைத்துப் பிள்ளை திரும்பியிருக்கிறதா என்று பார்க்கிற அதே மாதிரி.

நான் அவருக்குச் சட்டங்களைச் சொன்னேன். புதுப் பிஸ்டனும் புதுச் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பழக ஐந்நூறு மைல் வேண்டும். அது வரை முறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஏற்றத்தில் திணற விடக் கூடாது, கியரைக் குறைக்க வேண்டும். சத்தம் வறண்டு போனால் உடனே கிளச்சைப் பிடித்து நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது, வெடித்துவிடும். முக்கியமானது, ஐந்நூறு மைல் ஆகும் வரை பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது.

கடைசிச் சட்டத்தைக் கேட்டதும் அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்னால் இருப்பவர் கால் வைக்கிற புட்ரெஸ்ட் இரண்டையும் காட்டினார்.

"அதக் கழட்டி நீங்க வச்சுக்கோங்க. இருந்துச்சின்னா நான் ஏத்திருவேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்று. தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருந்த ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டையும் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, மேசை லாச்சியில் வைத்தேன். அது வரை தோட்டத்து லொறியை எப்படியாவது பிடித்துக்கொள்வேன், மானேஜர் தொரையிடம் பேசியிருக்கிறேன் என்றார்.

இரண்டு மாதம் போல ஒழுங்காகப் போயிற்று. கம்பளையிலிருந்து ஆற்றோரமாகப் போகிற மட்ட ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஓட்டி மைல் சேர்த்தார். திரும்பும்போது கராஜில் நிறுத்தி மீட்டரைக் காட்டுவார். பிறகு ஒரு நாள் எங்கேயோ பிரச்சினை என்று செய்தி வந்தது. மறுநாள் எங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டது. ரோட்டில் டயர் எரிந்தது, கடைகளுக்குக் கல் விழுந்தது, ஊரடங்கு போட்டார்கள். நான் கராஜைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். என் வீட்டையும் பிள்ளைகளையும் பற்றிய பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தப் பள்ளத்து லயங்களின் நினைப்பு. அங்கே யாருக்காவது வலி கண்டால் லொறி வருமா? வராவிட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். புட்ரெஸ்ட் என் லாச்சியில் இருந்தது. அதை எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைப்பேன்.

ஊரடங்கு எடுத்து இரண்டாம் நாள் காலையில் அந்த அடித்தொண்டைச் சத்தம் கேட்டது. தூரத்திலேயே தெரிந்துகொண்டேன். சத்தத்தில் குறை இல்லை. மிஸ்ஸி வண்டியை நிறுத்திவிட்டு, எண்ணெய் மாற்றணும் அண்ணே என்று மட்டும் சொன்னார். நான் குனிந்தேன். சைலன்சர் நெடுக ஏதோ கருகி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சாக்கு நார்.

மீட்டரைப் பார்த்தேன். ஐந்நூறு ஆகவில்லை.

"எத்தன பேர ஏத்துனீங்க?"

"ரெண்டு பேர."

நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னார். ஊரடங்கின் முதல் நாள், கீழ்ப் பிரிவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குத் தலைவலி, கண் மங்கல். போய்ப் பார்த்தால் முகமும் காலும் வீங்கி, பிரஷர் மேலே ஏறியிருக்கிறது. வலிப்பு வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. லொறி டிரைவர் வண்டியை எடுக்கப் பயந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, முந்தின நாள் அவருடைய மச்சானுக்கு ரோட்டில் அடி விழுந்திருந்தது. அந்தப் பெண் தனியாகப் பின்னால் உட்காருகிற நிலையில் இல்லை. அதனால் அவளை நடுவில் வைத்து, மாமியாரைப் பின்னால் ஏற்றி, ஒரு சாரியால் மூன்று பேரையும் சேர்த்துக் கட்டினார்களாம். கால் வைக்க இடம் இல்லையே, சைலன்சரில் பட்டால் வெந்துபோகுமே என்று கொழுந்துச் சாக்கை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருக்கிறார்.

"நீங்க சொன்ன மாதிரிதாண்ணே ஏறுனேன். மொத கியர். திணற விடல. கடைசி வளைவுங்ககிட்ட சத்தம் கொஞ்சம் வறண்டுச்சி."

வறண்டதா என்றேன். பிறகு?

"கிளச்சப் புடிச்சி நிப்பாட்டிட்டேன். எஞ்சினும் ஆறட்டும், அவளுக்கும் பிரஷர் பாத்துக்கலாம்னு. மாமியாக்காரி ஓடையில தண்ணி மொண்டுக்கிட்டு வந்து எஞ்சின் மேல ஊத்தப் போனா. கையில ஒரு அடி போட்டேன், பாவம்."

அந்தப் பெண்ணை இறக்கவில்லையா என்று கேட்டேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அவள் சீட்டிலேயே இருக்க, இவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டாராம். போன மழையில் இன்னொருத்தி இறங்கி நடந்த அதே வளைவு அது. எஞ்சின் ஆறியதும் மூன்று பேரும் ஒரே இழுவையில் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். கம்பளைக்கு இறங்கும் வழியில் ஒரு சந்தியில் பீப்பாயை உருட்டிப் போட்டுக்கொண்டு சிலர் நின்றிருக்கிறார்கள். இவர் எஞ்சினை நிறுத்தாமல், வெள்ளைச் சாரியோடு, பிள்ளை பிறக்கப் போகிறது, யாராவது ஒருவர் பீப்பாயைத் தள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னாராம், வீட்டில் தம்பிமாரிடம் வேலை சொல்வது போல. ஒருவன் தள்ளினான். கம்பளை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, அங்கிருந்து அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பி, ஒப்பரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். பெண் பிள்ளை. எடை குறைவு, ஆனால் தாயிடம் பால் குடிக்கிறது. மாமியாரின் கெண்டைக்காலில் மட்டும் சாக்கு காய்ந்த இடத்தில் ஒரு சூட்டுக் காயம்.

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்ததால் எண்ணெயை இறக்கத் தொடங்கினேன். வடிந்த எண்ணெயை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். புது எஞ்சினில் வருகிற மெல்லிய மினுக்கம்தான், துகள் ஒன்றும் இல்லை. ப்ளக்கைக் கழற்றினேன். பால் தேத்தண்ணி நிறத்தில் சுத்தமாக இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். கொன்ரொட் பக்கம் ஒரு முனகல்கூட இல்லை. நானும் நானாவும் அந்த எஞ்சினுக்குள் வைத்த ஒவ்வொரு சாமானும் நின்ற இடத்தில் நின்றிருந்தது. ஆனால் நான் சொன்ன சட்டங்களில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்த ஏற்றத்தில் நின்று தெரிந்துகொண்டது அவர்தான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு சட்டத்தையும் விட்டிருக்க மாட்டேன்.

லாச்சியைத் திறந்து எண்ணெய்த் துணியை எடுத்து வந்தேன். மிஸ்ஸி பார்த்துவிட்டு, ஐந்நூறு ஆகலையே அண்ணே என்றார்.

"ஆயிருச்சி மிஸ்ஸி" என்றேன்.

புட்ரெஸ்ட் இரண்டையும் பூட்டினேன். இடது பக்க நட்டை இறுக்கினேன், வலது பக்கத்தை இறுக்கினேன். எழுந்து கையைத் துடைத்தேன். வழக்கம் போல அந்தச் சந்தேகம் வந்தது. மறுபடி குனிந்து இரண்டையும் ஸ்பானர் போட்டுப் பார்த்தேன். மிஸ்ஸி எப்போதும் சொல்கிற கேலியை எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பெரிய ஹெல்மட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும் வரை நின்றார்.